உப்பளமும் ஓடையும் போதும்: நம்ம ஊர்ல பறவைப் படம் எடுப்பது எப்படி?

காட்டுயிர்ப் படம்னா முதுமலைக்குப் போகணும், லட்ச ரூபாய் லென்ஸ் வேணும்னு நம்மில் பலர் நினைக்கிறோம். ரெண்டும் தேவையில்லை நண்பர்களே. முத்தையாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினா பக்கத்திலேயே உப்பளம். தூத்துக்குடி ஊருக்குள்ள பக்கிள் ஓடை. 1912இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துப் பேர் வாங்கியவர். அவரே காக்கை, மைனா பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். நாமும் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கலாம்.

1. எங்கே பார்க்கணும்?

வெள்ளை வெளேர்னு உப்பு விளைஞ்ச பாத்தியில் பறவைக்குத் தீனி அதிகம் இருக்காது. கடல் தண்ணியைத் தேக்கி வைக்கும் தெப்பத்தைப் பாருங்க. சின்ன மீன், இறால், புழு எல்லாம் அங்கேதான். நெடுங்கால் உள்ளான், உப்புக்கொத்தி, கொக்கு நிற்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசை வரும் பறவைகளும் சேரும். அதிர்ஷ்டம் இருந்தா பூநாரை. ஓடைப் பக்கம் மடையான், மீன்கொத்தி, நீர்க்காகம்.

2. வெள்ளை செய்யும் குழப்பம்

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதனால உப்பளத்து வெள்ளை அழுக்காகவும், அதில் நிற்கும் பறவை கறுப்பு நிழலாகவும் விழும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 முதல் +1 வரை ஏத்துங்க. ஓடையில் நேர் எதிர்: கறுத்த தண்ணி முன்னால் வெள்ளைக் கொக்கு. அங்கே கேமரா வெளிச்சத்தைக் கூட்டிடும், இறகு வரியெல்லாம் காணாமல் போகும். −0.7 முதல் −1 வரை குறைங்க. போனில் பறவை மேல் விரலை அழுத்திப் பிடிச்சு, வரும் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்தா போதும்.

3. நேரமும் வேகமும்

காலை 6 முதல் 8 வரை மேற்கே பார்த்து நில்லுங்க. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். வெயில் ஏறிட்டா தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்று அலையடிக்கும். அப்போ எந்த லென்ஸும் தெளிவான படம் தராது. மேயும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500, பறப்பதற்கு 1/1000க்கு மேல். வெளிச்சம் போதலைன்னா ஐஎஸ்ஓவை ஏத்துங்க. புள்ளி புள்ளியா வந்தாலும் பரவாயில்லை, கலங்கின படத்தைச் சரி செய்யவே முடியாது.

4. பறவை தின்றுகொண்டே இருக்கணும்

இதுதான் முக்கியப் பாடம். கொசு உள்ளானோட எடை 20 முதல் 30 கிராம்தான். ஆர்க்டிக் பக்கமிருந்து வந்து, திரும்பிப் போக நம்ம அளத்தில் கொழுப்பு சேர்க்குது. பறக்கும் படத்துக்காகக் கல் எறிஞ்சா அந்தச் சேமிப்பில் கை வைக்கிறோம். தலையைத் தூக்கிப் பார்த்தா நில்லுங்க. தின்பதை நிறுத்திட்டு நடக்க ஆரம்பிச்சா பின்வாங்குங்க. கோடையில் உள்ளானும் உப்புக்கொத்தியும் வரப்பிலேயே முட்டையிடும். தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினா கூடு பக்கத்தில் இருக்கு, உடனே விலகணும். குந்தி உட்கார்ந்து பத்து நிமிஷம் அசையாம இருந்தா பறவையே கிட்ட வரும். அதன் கண் மட்டத்தில் கிடைக்கும் படம்தான் நல்ல படம்.

5. மனிதர்களும் இருக்காங்க

அளம் வேலை நடக்கும் இடம். "அண்ணாச்சி, உள்ள வரலாமா?"ன்னு கேட்டுட்டுப் போங்க. வரப்பை மிதிச்சு உடைக்காதீங்க. அனுமதி கேட்காம யார் முகத்தையும் எடுக்காதீங்க. துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கம் கேமராவை நீட்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைங்க. உப்பு இரும்பையே தின்னும்.

6. படம் பதிவாகட்டும்

நாள், இடம், எண்ணிக்கையோடு இ-பேர்டில் ஏத்துங்க. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், அதிலும் சேரலாம். நாளைக்கு ஒரு தெப்பத்தை மூடி மனையாக்கினா, அங்கே என்ன இருந்துச்சுன்னு சொல்ல இந்தப் பதிவுதான் இருக்கும்.

இந்த வாரப் பயிற்சி: ஒரே பறவை, அரை மணி நேரம், மூணு படம். மூணிலும் அது உங்களைக் கண்டுக்காம மேயணும்.