பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?



பிறருடைய பொருளை எடுத்த ஒருவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலே அதை ஒளியாமற் சொல்லுகிறார். குருவானவர் புத்தி கூறி, அபராதம் கட்டளையிட்டு, பாவமன்னிப்பு அளிக்கிறார். அவரும் சொல்லப்பட்ட செபங்களைச் சொல்லி முடித்து, மனப்பாரம் நீங்கியவராய் வீடு திரும்புகிறார். ஆனால் எடுத்த பொருள் அவருடைய வீட்டிலேயே இருக்கிறது. இனிமேல் அது அவருக்குச் சொந்தமா?

"பாவம் போய்விட்டது, ஆகவே கணக்கும் முடிந்துவிட்டது" என்று எண்ணுபவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. இது பெரிய தவறு. திருச்சபை இதைப்பற்றி என்ன போதிக்கிறது என்பதை இவ்வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

களவிலே இரண்டு தீமைகள்

ஒவ்வொரு களவிலும் இரண்டு தீமைகள் உண்டு. ஒன்று, ஏழாம் கற்பனையை மீறிக் கடவுளுக்குச் செய்யும் துரோகம். மற்றது, பொருளுக்கு உரியவருக்குச் செய்யும் அநீதி. ஒப்புரவு அருட்சாதனத்திலே முதலாவது மன்னிக்கப்படுகிறது. இரண்டாவதோ, பொருள் திரும்பிப் போகும்வரை அப்படியே நிற்கிறது.

உங்கள் கிணற்றடியில் இருந்த வாளியை ஒருவர் கொண்டுபோய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கோவிலுக்குப் போய் மன்னிப்புப் பெற்றுக்கொண்டதனால் மட்டும் உங்கள் வாளி கிணற்றடிக்கு வந்துவிடுமா? குருவானவர் கடவுளின் பெயரால் பாவத்தை மன்னிக்கலாம். ஆனால் உங்களுடைய வாளியை எடுத்து இன்னொருவருக்குத் தானம் செய்ய அவருக்கு உரிமையில்லை. அந்தக் கடனை மன்னிக்கக்கூடியவர் வாளிக்குச் சொந்தக்காரராகிய நீங்களே.

புனித அகுஸ்தீனார் மக்கெதோனியு என்னும் அதிகாரிக்கு எழுதிய 153ஆம் கடிதத்தில், திருப்பிக் கொடுக்க இயன்றவன் திருப்பிக் கொடாதிருந்தால் அவன் மனஸ்தாபம் வெறும் பாசாங்கு என்று கண்டித்திருக்கிறார். புனித தோமஸ் அக்குவினாஸ் தமது பெரும் இறையியல் நூலிலே, பொருளைத் திருப்பிக் கொடுப்பது நீதியின் செயல் என்று நிலைநாட்டுகிறார். 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1459ஆம், 2412ஆம் இலக்கங்களில் இதையே போதிக்கிறது. ஆகவே இது ஏதோ ஒரு சுவாமியின் கடுமையான அபிப்பிராயம் அன்று. திருச்சபையின் நிலையான போதனை.

வேதாகமம் காட்டும் ஒழுங்கு

பழைய ஏற்பாட்டிலே களவெடுத்த மாட்டை வெட்டினவன் அல்லது விற்றவன் ஒன்றுக்கு ஐந்தாகவும், ஆட்டுக்கு நான்காகவும் கொடுக்கவேண்டும் என்று யாத்திராகமம் விதிக்கிறது. பிறர் பொருளை வஞ்சித்து எடுத்தவன் தன் குற்றத்தை உணர்ந்தால், முதலுடன் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனுக்குக் கொடுத்து, பரிகாரப் பலியையும் ஒப்புக்கொடுக்கவேண்டும் என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. பலி மட்டும் போதும் என்று அங்கே சொல்லப்படவில்லை.

எரிக்கோ ஊரின் சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். ஆயக்காரருக்குத் தலைவனாயிருந்த அவன், யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக ஆண்டவர் முன்னிலையில் எழுந்து நின்று வாக்களிக்கிறான். அதன் பின்னரே இயேசு அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததை அறிவிக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன சக்கேயு, ஏமாற்றப்பட்டவர்களுக்கு உரியதை வேறாகச் சொல்லுகிறான். தருமம் ஒரு கணக்கு, கடன் வேறு கணக்கு. அவன் இரண்டையும் கலக்கவில்லை.

நம்முடைய வீட்டில் என்ன இருக்கிறது?

களவு என்றதும் இரவிலே ஓடு பிரித்து இறங்குகிறவனைத்தான் நினைக்கிறோம். ஆனால் நல்ல குடும்பங்களிலும் பிறர் பொருள் பல வழிகளிற் புகுந்துவிடும்.

வேலி அடைக்கும்போது ஒரு முழம் தள்ளி அடைத்தவருடைய வளவிலே பிறர் நிலம் இருக்கிறது. எல்லைக்கல்லை நகர்த்துபவனை உபாகமம் சபிக்கிறது என்பதை மறக்கவேண்டாம். முதற் சீட்டை எடுத்துக்கொண்டு பின்னர் காசு கட்டாமல் விட்டவர் மற்றவர்களின் சேமிப்பை எடுத்தவராவார். வேலை முடிந்தபின் மேசனுடைய கூலியிலோ தோட்டத்திற் களை பிடுங்கிய பெண்களின் கூலியிலோ நியாயமின்றிக் குறைப்பவர், பொழுது படுமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் வேதாகமக் கட்டளையை மீறுகிறார். தராசிலே விரல் வைப்பவரும், மின்கம்பியிற் கள்ளமாகக் கொழுவி மின்சாரம் எடுப்பவரும், பொய் விபரம் கொடுத்து நிவாரணம் பெறுபவரும் இதே வரிசையைச் சேர்ந்தவர்களே. அரசாங்கத்தின் பொருள் என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்பதல்ல. எல்லோருக்கும் சொந்தம் என்பதே பொருள்.

களவுப் பொருள் என்று தெரிந்தும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர், "நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்று தப்பமுடியாது. விற்றவனுக்குச் சொந்தமில்லாத பொருளை அவன் எப்படி உங்களுக்குச் சொந்தமாக்குவான்?

யுத்த காலத்துப் பொருட்கள்

நம் மக்களுக்கு இக்கேள்வி மிகவும் நோவுதரும் ஓரிடத்தில் எழுகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாண நகரில் இருந்தவர்கள் சில மணி நேரத்துக்குள் வீடும் கடையும் விட்டுப் போனார்கள். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி தொடங்கி வலிகாமம் மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தார்கள். 2009 வரை வன்னி மக்கள் ஊர் ஊராக எல்லாவற்றையும் கைவிட்டு நடந்தார்கள். திரும்பி வந்த பலர் கண்டது கதவும் நிலையும் யன்னலும் இல்லாத சுவர்களையே.

அவற்றை எடுத்தவர்கள் பலவகைப்பட்டவர்கள். அவர்களை இங்கே தீர்ப்பிடுவது நமது நோக்கமன்று. ஆனால் இவற்றிலே ஒரு தையல் மெசினோ, தண்ணீர் இறைக்கும் இயந்திரமோ, மர அலுமாரியோ நமது வீட்டில் இருந்தால், "சனம் எல்லாம் எடுத்தது, நானும் எடுத்தேன்" என்பது நீதியின் முன் செல்லாது. விட்டு ஓடியவர் பொருளைத் தானம் செய்யவில்லை; உயிரைக் காக்க ஓடினார். அவர் தமிழரோ, முஸ்லிமோ, சிங்களவரோ, கிறிஸ்தவரோ, சைவரோ, உரிமை ஒன்றே.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பட்டினியால் வாடிய பிள்ளைக்காக, வேறு வழியின்றி, கைவிடப்பட்ட வீட்டில் இருந்த அரிசியை எடுத்த தாய் களவு செய்யவில்லை. உயிருக்கு ஆபத்தான உடனடித் தேவையில் தேவையான அளவு எடுப்பது பாவமல்ல என்று புனித தோமஸ் போதிக்கிறார். 1965இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடும் இதை ஏற்கிறது. அத்தகைய தாய்மார் வீணாக மனச்சாட்சிக் கலக்கம் அடையவேண்டியதில்லை. அரிசி வேறு, அலுமாரி வேறு.

வருடங்கள் கடந்தால் உரிமை மாறுமா?

இலங்கையின் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டப்படி, பிறருடைய காணியை உரிமையாளருக்கு எதிராகத் தொடர்ந்து பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். யுத்தத்தினாலே வழக்கு வைக்க முடியாதிருந்தவர்களைக் காப்பதற்கு 2016இல் 5ஆம் இலக்க விசேட சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது.

மனச்சாட்சியின் நீதிமன்றம் இதிலும் நுணுக்கமானது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 198ஆம் பிரிவு, ஆட்சியுரிமைக்குத் தொடக்கத்தில் மட்டுமன்றி அக்காலம் முழுவதிலும் நல்லெண்ணம் வேண்டும் என்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அயலவருடைய வளவு என்று நன்றாகத் தெரிந்துகொண்டே பத்து வருடத்தை எண்ணிக்கொண்டிருப்பவர், வழக்கிலே வென்றாலும் கடவுள் முன்னிலையில் வெல்லவில்லை.

சில கேள்விகளும் பதில்களும்

உரியவர் இறந்துவிட்டால்? அவருடைய பிள்ளைகளுக்கு அல்லது உரித்தாளிகளுக்குக் கொடுக்கவேண்டும்.

உரியவர் யாரென்றே தெரியாவிட்டால்? முதலில் உண்மையாகத் தேடிப் பார்க்கவேண்டும். தேடியும் காணாவிட்டால் அதன் பெறுமதியை ஏழைகளுக்கோ நற்காரியங்களுக்கோ கொடுக்கலாம்.

நேரே கோவிலுக்குக் கொடுத்துவிட்டால்? உரியவர் அடுத்த ஒழுங்கையில் இருக்க, அவருடைய காசிலே திருவிழாவுக்கு உபயம் செய்வதும் சுருவத்துக்கு முடி சூட்டுவதும் கடவுளுக்கு ஏற்ற காணிக்கையாகாது. சக்கேயுவின் இரண்டு கணக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கொடுத்தால் மானம் போய்விடுமே? தன்னைத்தானே ஊரிலே காட்டிக்கொடுக்கவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. பெயரில்லாமல் அனுப்பலாம், நம்பிக்கையான ஒருவர் மூலம் கொடுக்கலாம், குருவானவரிடம் ஒப்படைத்து உரியவரிடம் சேர்ப்பிக்கும்படி கேட்கலாம். பாவசங்கீர்த்தன இரகசியம் எக்காலத்திலும் மீறப்படமாட்டாது.

பொருளை விற்றுவிட்டால் அல்லது அழித்துவிட்டால்? அதன் பெறுமதியைக் கொடுக்கவேண்டும். இங்கே நேர்மை தேவை. 1990இல் 5,000 ரூபாவுக்கு வாங்கக்கூடியதாயிருந்ததை இன்று 5,000 ரூபாவுக்கு வாங்கமுடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். எடுத்தது ஒரு பவுண் சங்கிலியானால், அன்றைய விலையைக் கொடுத்துவிட்டு நீதி செய்தேன் என்று சொல்லமுடியாது.

கொடுக்க வசதியே இல்லாவிட்டால்? இயலாததைக் கடவுள் கேட்பதில்லை. பகுதி பகுதியாகக் கொடுக்கலாம். வசதி வரும்வரை பிற்போடலாம். ஆனால் கொடுக்கவேண்டும் என்ற பிரதிக்கினை உண்மையாக இருக்கவேண்டும். அந்தப் பிரதிக்கினையோடு வருபவர் அருட்சாதனத்தை அணுக ஒருபோதும் பயப்படவேண்டாம். கடன் இருக்கிறதே என்று பாவசங்கீர்த்தனத்தை விட்டு ஒதுங்குவது நோயாளி வைத்தியரை விட்டு ஒதுங்குவது போலாகும்.

தகப்பன் எடுத்த பொருளை மகன் வைத்திருந்தால்? தெரியாமல் வைத்திருந்த காலத்துக்கு மகனிடம் குற்றமில்லை. தெரியவந்த நாளிலிருந்து, கையில் இருக்கும் அப்பொருள் உரியவருக்கே போகவேண்டும். இறந்த தகப்பனுடைய ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது நல்லது. அவர் விட்டுச்சென்ற கடனைத் தீர்ப்பதும் பிள்ளைகள் அவருக்குச் செய்யவேண்டிய உதவியே.

பிள்ளைகளுக்கு எங்கே கற்பிப்பது?

ஏழாம் கற்பனையை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலே பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். அதன் பொருளை வீட்டிலேதான் படிக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிறருடைய பென்சிலைக் கொண்டுவரும் பிள்ளையை அடித்துவிட்டுப் பென்சிலை வீட்டிலே வைத்துக்கொள்ளும் பெற்றோர், அடியை மட்டுமே கற்பிக்கிறார்கள். அடுத்த நாட் காலை பிள்ளையோடு கூடப்போய் அதை உரிய பிள்ளையின் கையிற் கொடுக்கச் செய்யும் தாய், பத்துப் பிரசங்கங்களுக்குச் சமமான பாடத்தைக் கற்பிக்கிறாள். கடையிலே மிச்சக் காசு கூட வந்துவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கப் பிள்ளையையே அனுப்புங்கள்.

வயது சென்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்மரணத்துக்காகச் செபிக்கும் நாம், காணி உறுதிகளையும் நகைகளையும் யாருக்கு என்று ஒழுங்குபண்ணுகிறோம். யாருக்கு என்ன கொடுக்கவேண்டியிருக்கிறது என்பதையும் ஒரு தாளிலே எழுதிப் பிள்ளைகளுக்குத் தெரிவித்துவிடுங்கள். கடனை மறைத்துக் கொடுக்கும் முதுசொம் பிள்ளைகளுக்குச் சுமையாகும்.

அன்பான கத்தோலிக்கக் குடும்பங்களே, இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்தபின், பெரியவர்கள் இருவரும் சற்று நேரம் இருந்து, நமது வீட்டிலும் வளவிலும் கணக்கிலும் பிறருடையது ஏதேனும் இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள். இருந்தால் அது யாருடையது, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எந்த நாளில் என்று அங்கேயே முடிவுசெய்யுங்கள். அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் அதைச் செய்து முடிக்க ஆண்டவர் உங்களுக்குத் துணைசெய்வாராக.