இருதய நோயும் இயந்திரக் கணக்கும்: ஒரு மார்க்க விளக்கம்

 

சென்ற மாதம் மன்னார்குடியில் அஸர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தபோது, ஐம்பது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் கையில் ஒரு காகிதத்துடன் வந்தார். மருத்துவ முகாம் ஒன்றில் அவருடைய வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை முதலியவற்றைக் கம்ப்யூட்டரில் பதிந்து, வருங்காலத்தில் மாரடைப்பு வரக்கூடிய ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். "ஹஜ்ரத்! ஆபத்து குறைவு என்று போட்டிருக்கிறது. ஆனால் நாளை நடப்பது அல்லாஹ் ஒருவனுக்குத்தானே தெரியும்? இதை நம்பினால் ஈமானுக்குப் பழுது வராதா?" என்று கேட்டார். பேச்சோடு பேச்சாக, நாலைந்து நாட்களாக வரப்பில் நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது என்றும், மிஷினே குறைவு என்று சொல்லிவிட்டதால் வாயுவாக இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

பாருங்கள், ஒரே மனிதரிடத்தில் இரண்டு தவறுகள்! இயந்திரத்தைப் பார்ப்பதே பாவமோ என்று ஒரு பக்கம் அச்சம்; அதே இயந்திரத்தை நம்பி நெஞ்சுவலியை அலட்சியம் செய்தது மறுபக்கம். மஸ்அலாவைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி, அவருடைய மகனை வரவழைத்து அந்நேரமே டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். தஞ்சாவூரில் இரத்தக் குழாயில் அடைப்பு இருப்பது கண்டறியப்பட்டு சிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ்! இப்போது நாற்காலியில் அமர்ந்து ஜமாஅத்தில் கலந்துகொள்கிறார். அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

இது மறைவான ஞானமா?

காரணங்களைப் பார்த்து விளைவை ஊகிப்பது கைபு எனும் மறைவான ஞானமாகாது. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் வரத்தையும் பார்த்து, ஜூன் 12-ல் திறக்க முடியுமா, குறுவை தேறுமா என்று நம் விவசாயிகள் கணக்குப் போடுகிறார்கள். அதை யாரும் குறி சொல்வதாகக் கருதுவதில்லை. குறிகாரன் காரணமின்றிச் சொல்கிறான்; மருத்துவம் அல்லாஹ் ஏற்படுத்திய ஸபபுகளைப் பார்த்துச் சொல்கிறது. ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்பதும், மருந்து தேடுவது நம் மீது உள்ளது என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

ஹஜ்ரத் ஸஅது (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, இருதயத்தில் நோய் இருப்பதைக் கூறி, ஹாரிஸ் இப்னு கலதா என்ற மருத்துவரிடம் செல்லும்படிச் சொன்னதாக அபூதாவூதில் ஒரு ரிவாயத் உண்டு. இருதய நோயாளியைத் தொழில் தெரிந்தவரிடம் அனுப்புவதற்கு இதைவிட வேறு வழிகாட்டுதல் நமக்கு எதற்கு?

இயந்திரம் எவ்வாறு கணக்கிடுகிறது?

செயற்கை நுண்ணறிவு என்பது தானாகச் சிந்திக்கும் உயிர் அல்ல. இலட்சக்கணக்கானோரின் மருத்துவப் பதிவுகளை அதற்குக் கொடுத்து, இன்னின்ன குறிகள் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்று பழக்குகிறார்கள். அப்பழக்கத்தைக் கொண்டு அது புதிய மனிதரை அளக்கிறது. ஆகவே யாருடைய பதிவுகளைக் கொண்டு பழகியதோ, அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் அதன் கணக்கு நன்றாகப் பொருந்தும்.

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து மாரடைப்பு ஆபத்தை அளக்கும் கணக்குகள் பிறந்தன. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். இளம் வயதிலேயே இருதய நோய்க்கு ஆளாகும் நம் நாட்டவருக்கு அக்கணக்கு அப்படியே பொருந்தவில்லை. இதனால்தான் 2018-ல் அப்பல்லோ மருத்துவமனையும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து, இந்திய நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு ஒரு கணக்கை வெளியிட்டன. உணவு, புகைபிடித்தல், உடலுழைப்பு, மனக்கவலை உள்ளிட்ட 21 விஷயங்களை அது பார்க்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் பதியுங்கள். இத்தகைய மதிப்பெண் வரப்போகும் ஆண்டுகளைப் பற்றியது. இன்று வலிக்கும் நெஞ்சைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நம் விவசாயி தவறியது இந்த இடத்தில்தான்.

பொறுப்பாளி யார்?

மருத்துவம் அறியாதவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே ளாமின், அதாவது ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. இயந்திரம் முகல்லஃப் அல்ல. அதற்குக் கேள்வி கணக்கு இல்லை. செவி, பார்வை, இருதயம் ஆகியவை மறுமையில் விசாரிக்கப்படும் என்று திருமறையின் 17-வது அத்தியாயம், 36-வது வசனம் எச்சரிப்பது மனிதனைத்தான். ஆகவே "மிஷின் சொன்னது, நான் செய்தேன்" என்று ஒரு டாக்டர் ஒதுங்கிக்கொள்ள இயலாது. சோதிக்கப்படாத இயந்திரத்தை விற்றவரும் அவ்வாறே. இயந்திரம் டாக்டருக்கு உதவியாளாக இருக்கலாம், முஃப்தியாக இருக்கலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் பொறுப்பேற்றல், நோயாளியின் சுயவிருப்பம், இரகசியக் காப்பு ஆகியவற்றை வலியுறுத்துகின்றன.

பதிவுகளும் அமானிதமே

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது நபிமொழியின் கருத்து. நோயாளியின் அனுமதி தேவை என்பதை 1992-ல் ஜித்தாவிலும், மருத்துவ இரகசியத்தைக் காப்பதை 1993-ல் புரூணையிலும் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் தீர்மானங்கள் பேசுகின்றன. நம் இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் ஒரு இயந்திரத்தைப் பழக்கப் பயன்படுமானால், அது பிறர் உயிரைக் காக்க உதவும் நல்ல காரியம்தான். ஆனால் நம்மிடம் சொல்லி, சம்மதம் பெற்றுச் செய்ய வேண்டும். சொல்லாமல் எடுத்து விற்பது அமானித மோசடி.

நாம் செய்ய வேண்டியவை

1. இயந்திரக் கணக்கை ஹராம் என்று ஒதுக்காதீர்கள். அதையே தீர்ப்பு என்றும் கொள்ளாதீர்கள். காகிதத்தை டாக்டரிடம் காட்டி விளக்கம் கேளுங்கள்.

2. நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் எந்த மதிப்பெண்ணையும் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முதலுதவி மாத்திரைகள் வழங்கப்படுகின்றன.

3. கையெழுத்துக் கேட்டால், எதற்கு என்று கேட்டறிந்து போடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், பெற்றோரின் காகிதத்தைப் போனில் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இயந்திரமும் கட்டும் கயிறுகளில் ஒன்று. காப்பவன் அல்லாஹ் ஒருவனே. நம் இருதயங்களை நோயிலிருந்தும் அலட்சியத்திலிருந்தும் வல்ல நாயன் பாதுகாப்பானாக! ஆமீன்.