காது கொடுத்தால் மனம் திறக்கும்



சபுரில் இருக்கும் கணவர் இரவு வீட்டுக்குப் போன் செய்கிறார். "இன்னைக்கு மாமி சொன்ன வார்த்தை மனசுக்குக் கஷ்டமாப் போச்சுங்க" என்று மனைவி ஆரம்பிக்கிறார். "நீ ஏன் எதிர்த்துப் பேசுற? பொறுமையா இரு" என்று உடனே பதில் வருகிறது. அவரோ எதிர்த்துப் பேசவே இல்லை. "சரி, ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

இப்படியே பல இரவுகள். ஒரு நாள், மகன் இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்ற செய்தி பக்கத்து வீட்டார் மூலம் கணவருக்கு எட்டுகிறது. "ஏன் என்கிட்ட மறைச்சே?" என்று கோபப்படுகிறார். "சொன்னா கேப்பீங்களா?" என்கிறார் மனைவி.

இருவருமே நல்லவர்கள்தான். குடும்பத்துக்காகவே அவர் வெயிலில் உழைக்கிறார். ஆனால் முழுதும் கேட்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடும் பழக்கம், சிறிது சிறிதாக நம்பிக்கையைத் தேய்த்துவிட்டது.

நமக்கு அழகிய முன்மாதிரி இருக்கிறது. குறைஷித் தலைவர்களில் ஒருவரான உத்பா, நபி (ஸல்) அவர்களிடம் வந்து, அழைப்புப் பணியைக் கைவிட்டால் செல்வமும் தலைமையும் தருவதாகப் பேரம் பேசினார். நபியவர்கள் குறுக்கிடவில்லை. அவர் நிறுத்தியதும், 'அபுல் வலீத்' என்று மரியாதையாக விளித்து, பேசி முடித்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்ட பிறகே பதில் சொன்னார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. எதிர்த்து வந்தவருக்கே அந்தக் கண்ணியம் என்றால், நம் வீட்டாருக்கு எவ்வளவு தர வேண்டும்!

குர்ஆனின் 58வது அத்தியாயம், தன் கணவரைப் பற்றி முறையிட்ட ஒரு பெண்ணின் பேச்சை அல்லாஹ் செவியுற்றதைக் கூறித்தான் தொடங்குகிறது. வீட்டுப் பெண்ணின் மனக்குறை சின்ன விஷயம் அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வீட்டில் கடைப்பிடிக்க நான்கு பழக்கங்கள்:

1. ஒருவர் மனம் திறக்கும்போது செல்போனைக் கீழே வையுங்கள். நேரம் இல்லையென்றால், "இஷாவுக்குப் பிறகு பேசுவோம்" என்று சொல்லி, அந்த நேரத்தில் நீங்களே ஆரம்பியுங்கள்.

2. அவர் முடிக்கும்வரை இடையில் பேசாதீர்கள். சிறிது மௌனம் வந்தாலும் பொறுங்கள். முக்கியமான வார்த்தை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

3. கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "எல்லார் முன்னாலயும் சொன்னதுதான் உனக்கு வருத்தம், அப்படித்தானே?" தவறாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார். பிறகு, "நான் ஏதாவது செய்யணுமா, கேட்டா போதுமா?" என்று கேளுங்கள்.

4. கேட்டதை வெளியே விடாதீர்கள். ஒருவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொல்லும் பேச்சு அமானிதம் என்பது நபிமொழியின் கருத்து. மனைவி சொன்னதை உம்மாவிடம் சொல்வதும், மகள் சொன்னதைக் கல்யாண வீட்டில் பேசுவதும் அமானித மோசடியே. ஆனால் அடி, உதை, உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்கக் கூடாது. சொன்னவரிடம் தெரிவித்துவிட்டு, பொறுப்பானவர்களின் உதவியை நாட வேண்டும்.

அந்தக் கணவர் இன்றிரவு போன் செய்யும்போது, "அன்னைக்கு மாமி விஷயத்தை நான் முழுசாக் கேக்கல. இப்ப சொல்லு" என்று ஆரம்பிக்கலாம். போன நம்பிக்கை ஒரே அழைப்பில் திரும்பாது. ஆனால் திரும்பும் வழி அங்கேதான் தொடங்குகிறது, இன்ஷா அல்லாஹ்.