கடலின் நாடி பார்க்கும் கருவிகள்



கடற்கோள் என்பது தமிழருக்குப் புதிய சொல்லன்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. ஆயினும் அச்சொல்லின் முழுப் பொருளையும் நம் தலைமுறை உணர்ந்தது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளன்றே ஆகும். முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அன்று உறவுகளைப் பறிகொடுத்தோர் மிசிசாகாவிலும் ரொறன்ரோவிலும் நம்மிடையே வாழ்கின்றனர். அந்நாளைப் பற்றிப் பெரியோர் கூறும்போது பிள்ளைகள் தவறாது கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஏன் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை?" என்பதே அது.

இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி அளவீட்டுக் கருவியியல் என்னும் துறையில் அடங்கியுள்ளது. அதனை இப்பாடத்திற் காண்போம்.

கைநழுவிய இரண்டு மணிநேரம்

அன்று சுமாத்திராத் தீவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவுடைய பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. அப்பொழுது இலங்கையில் நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன். அங்கிருந்து இலங்கையின் கிழக்குக் கரை 1,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. 4,000 மீற்றர் ஆழமான கடலில் சுனாமி அலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்தில், ஓர் ஆகாய விமானத்தைப் போல விரைந்து செல்லும். எனவே அலை கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தது. கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி ஒரு கிலோமீற்றர் நடந்து செல்ல அரைமணி நேரமே போதும். ஆனால், இலங்கையில் 30,000 பேருக்கு மேலும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரும் உயிரிழந்தனர்.

அன்று கடலை அளப்பதற்குக் கருவிகளே இருக்கவில்லையா? இருந்தன. விசாகப்பட்டினம், சென்னை, தூத்துக்குடி ஆகிய துறைமுகங்களின் நீர்மட்ட அளவிகள் அலையைப் பதிவு செய்தன. ஜேசன்-1 என்னும் செய்மதி, அதிர்ச்சிக்கு இரண்டு மணிநேரத்தின் பின் வங்காள விரிகுடாவின் மேலாகச் சென்றபோது, நடுக்கடலில் அரை மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரமுடைய அலையை அளந்தது. ஆனால் அவ்வளவீடுகள் ஆராயப்பட்டு அறிஞர் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துறைமுகக் கருவிகளோ கப்பற் போக்குவரத்துக்கும் வற்றுப்பெருக்குக் கணக்குக்கும் அமைக்கப்பட்டவை. ஆபத்தை உடனே அறிவிப்பது அவற்றின் பணியாக இருக்கவில்லை. ஆழ்கடலில் சுனாமியைக் கண்டறியும் டார்ட் என்னும் மிதவைகள் அந்நாளில் உலகில் ஆறு மட்டுமே இருந்தன. அவை ஆறும் பசிபிக் சமுத்திரத்தில் இருந்தன.

அளவீட்டுத் தொகுதியின் உறுப்புகள்

நம் வீட்டுச் சுவரிலுள்ள வெப்பநிலைச் சீராக்கியை நோக்குங்கள். அதனுள் ஓர் உணரி அறையின் வெப்பத்தை உணர்கின்றது. மாற்றி என்னும் உறுப்பு அவ்வுணர்வை எண்ணாக மாற்றுகின்றது. அவ்வெண்ணை நாம் குறித்து வைத்த அளவோடு ஒப்பிட்டு, குறைவாயின் நிலவறையிலுள்ள வெப்பமூட்டிக்குக் கட்டளை அனுப்பப்படுகின்றது. உணர்தல், எண்ணாக்கல், ஒப்பிடல், அறிவித்தல் என்னும் இந்நான்கும் சேர்ந்ததே அளவீட்டுக் கட்டுப்பாட்டுத் தொகுதி. தை மாதக் குளிரில் இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் வீடு உறைந்துவிடும்.

கடலைக் கண்காணிக்கும் தொகுதிக்கும் இதே நான்கு உறுப்புகள் வேண்டும். ஆயின் அங்கே கட்டளை பெறுவது வெப்பமூட்டியன்று, கரையில் வாழும் மனிதர். ஆதலால் அக்கருவிகள் எவ்வாறு திருந்தின என்பதை அறிவது நமக்குக் கடமையாகின்றது.

எத்தனை முறை அளப்பது?

போர்ட் கிரெடிற் கரையில் நின்று ஒன்ராறியோ ஏரியைப் பார்த்தால், காற்றினால் எழும் சிற்றலைகள் ஓயாமல் ஏறி இறங்குவதைக் காணலாம். இவ்வேரியின் நீர்மட்டத்தைக் கனடிய அரசு ரொறன்ரோத் துறைமுகத்தில் அளந்து வருகின்றது. சிற்றலைகளுக்கிடையே உண்மையான மட்டத்தை அறிவதெப்படி? அதற்கென நீர்மட்ட நிலையங்களிற் கையாளப்படும் எளிய உபாயம் ஒன்று உண்டு. கரையில் ஒரு கிணறு போன்ற குழாயை அமைத்து, அதன் அடியில் ஒரு சிறு துளை மட்டும் வைப்பர். விரைந்து வந்து போகும் சிற்றலைகளுக்கேற்ப நீர் அத்துளையால் உட்புகுந்து வெளியேற நேரம் போதாது. மெல்ல உயரும் மட்டமோ உள்ளே அப்படியே தெரியும். வேண்டாத அசைவை உணரிக்கு முன்பே வடிகட்டும் இம்முறை இன்றைய மின்னணுக் கருவிகளிலும் கையாளப்படுகின்றது.

வடிகட்டிய பின் எத்தனை நேரத்துக்கொருமுறை அளப்பது? வற்றும் பெருக்கும் நாளில் இரு முறை வருவன. அவற்றுக்கு மணிக்கொரு அளவீடு போதும். சுனாமியின் இரு முடிகளுக்கிடையே கழியும் நேரமோ பெரும்பாலும் பத்து முதல் நாற்பது நிமிடங்கள் வரை. மணிக்கொருமுறை அளந்தால், ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் அலை ஏறி இறங்கிப் போய்விடும். ஏட்டில் கடல் அமைதியாகவே தோன்றும். ஓர் அலையை அறிய வேண்டுமாயின், அதன் ஒரு சுற்றுக்குள் இரு முறைக்கு மேல் அளத்தல் வேண்டும் என்பது விதி. அலையின் வடிவத்தையும் அறிய வேண்டுமாயின் இன்னும் பன்மடங்கு வேண்டும். ஆழ்கடற் கருவிகள் 15 விநாடிக்கு ஒருமுறை அளக்கின்றன. அதாவது இருபது நிமிட அலை ஒன்றுக்கு 80 அளவீடுகள்.

எவ்வளவு நுண்மையாக அளப்பது?

கரையில் பனைமரமளவு எழும் அலை நடுக்கடலில் ஒரு மீற்றருக்குக் குறைவான உயரமாகவும் இருக்கலாம். மேலே செல்லும் கப்பலிலுள்ளோர் அதனை உணரார். அதனைக் கடலடியில் நீரமுக்கத்தின் மாற்றத்தால் அறிகின்றனர். 6,000 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நம்மீதுள்ள வளியமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 600 மடங்கு. அந்தப் பெருஞ்சுமையின்மேல் மூன்று சென்ரிமீற்றர் நீர் கூடியதைக் கருவி உணர வேண்டும்.

இங்கு ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். உணரியின் குறிப்பை மாற்றி துவித எண்ணாகத் தருகின்றது. 12 துவித இலக்கங்கள் உள்ள மாற்றி 4,096 படிகளை மட்டுமே காட்டும். 6,000 மீற்றரை 4,096ஆல் வகுத்தால் ஒரு படி ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். சுனாமி அதன் கண்ணிற் படாது. 16 இலக்கங்களாயின் படிகள் 65,536, ஒரு படி 9 சென்ரிமீற்றர், அதுவும் போதாது. 24 இலக்கங்களாயின் படிகள் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேல். ஒரு படி அரை மில்லிமீற்றரினும் குறைவு. இலக்கங்களை இரு மடங்காக்கினோம். நுண்மையோ நாலாயிரம் மடங்கு பெருகியது.

ஆயினும், படிகள் பல இருந்தால் மட்டும் போதாது. அத்தனை நுண்மைக்கும் உணரி உண்மையாக இருக்க வேண்டும். இதற்குப் பளிங்குக்கல் எனப்படும் குவார்ட்ஸ் துணை செய்கின்றது. வீணையின் நரம்பை இறுக்கினால் சுருதி ஏறுவதுபோல, அமுக்கத்தால் இழுவிசை மாறும்போது பளிங்கின் அதிர்வெண் மாறும். அவ்வதிர்வுகளை நம்பகமான ஒரு கடிகாரத்தைக் கொண்டு எண்ணினால் அமுக்கம் தெரியும். கூடுதலான நேரம் எண்ணினால் நுண்மையும் கூடும். வெப்பநிலையும் பளிங்கின் அதிர்வைச் சற்று மாற்றுவதால், வெப்பத்தை அளக்க இன்னொரு பளிங்கை வைத்து அப்பிழையைக் கழிக்கின்றனர். இவ்வகைக் கருவி ஆழ்கடலில் ஒரு மில்லிமீற்றரளவு மாற்றத்தையும் உணரவல்லது.

அளவுகோல் போதாத நாள்

நுண்மை ஒரு பக்கம், எல்லை மறுபக்கம். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் யப்பானில் பூமியதிர்ச்சி நிகழ்ந்தபோது, அந்நாட்டின் நுண்ணிய அதிர்ச்சி மானிகள் பலவற்றில் அதிர்வு அளவெல்லையையே கடந்துவிட்டது. சமையலறைத் தராசில் ஒரு மூடை அரிசியை வைத்தது போன்ற நிலை அது. முதலில் 7.9 எனக் கணிக்கப்பட்ட அதிர்ச்சி உண்மையில் 9.0 ஆகும். அதனால் முதல் எச்சரிக்கையில் மியாகி மாகாணத்துக்கு 6 மீற்றர், இவாதே மாகாணத்துக்கு 3 மீற்றர் எனக் குறைவாகவே அலையுயரம் அறிவிக்கப்பட்டது. கரைக்கு அப்பால் மிதந்த மிதவைகள் பேரலையைக் கண்ட பின்னரே எச்சரிக்கை உயர்த்தப்பட்டது.

இப்பாடத்தை யப்பானியர் மறக்கவில்லை. பேரதிர்வையும் தாங்கும் எல்லையுடைய மானிகளை நாடெங்கும் நிறுவினர். 150 கடலடி நிலையங்களை ஏறத்தாழ 5,700 கிலோமீற்றர் நீளமான வடத்தால் இணைத்துக் கரையோடு தொடுத்தனர்.

அளந்ததைச் சொல்லுதல்

கடலடியிலுள்ள கருவி கரைக்கு எவ்வாறு பேசுகின்றது? வானொலி அலை உப்புநீரைக் கடந்து செல்லாது. எனவே கருவி ஒலியாற் பேசுகின்றது. நீரில் ஒலி விநாடிக்கு 1,500 மீற்றர் செல்வதால், 6,000 மீற்றர் ஆழத்திலிருந்து மேலேயுள்ள மிதவையை நான்கு விநாடியில் அடையும். மிதவை அதனைச் செய்மதிக்கு அனுப்பும். செய்மதி கரை நிலையத்துக்கு அனுப்பும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. கருவி மின்கலத்தால் இயங்குகின்றது. அளந்த யாவற்றையும் அனுப்பினால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். ஆதலால், கருவி அடிக்கடி அளந்து அளவாகப் பேசுமாறு அமைக்கப்பட்டது. முன்னைய சில மணிநேர அளவீடுகளைக் கொண்டு அடுத்த அளவீடு எவ்வளவாக இருக்கும் என அது தானே கணிக்கின்றது. உண்மை அளவு கணிப்பிலிருந்து 3 சென்ரிமீற்றருக்கு மேல் விலகினால், ஆபத்து நிலைக்கு மாறி, நெருங்கிய இடைவெளியில் செய்திகளை அனுப்பத் தொடங்குகின்றது.

செய்தித் தொடர்பு அறுந்தால் என்ன நேரும் என்பதற்குக் கனடாவே சான்று. 1929ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் நியூஃபவுண்ட்லாந்தின் பியூரின் குடாநாட்டைச் சுனாமி தாக்கி 28 பேர் இறந்தனர். அங்கிருந்த தந்திக் கம்பி அதற்கு முன்பே புயலில் அறுந்திருந்தது. மூன்று நாட்களின் பின் வழமைபோல் வந்த ஒரு கப்பலே அச்செய்தியை வெளியுலகுக்கு அனுப்பியது.

2004இன் பின்

இந்து சமுத்திரத்தில் நிலைமை மாறியது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை நிலையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 ஒக்ரோபரில் தொடங்கப்பெற்றது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியியலாளர் வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் கடலடி அமுக்கக் கருவிகளையும் மிதவைகளையும் நிறுவினர். 2011 முதல் இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் இச்சமுத்திர நாடுகள் யாவற்றுக்கும் எச்சரிக்கை வழங்கும் பொறுப்பை ஏற்றன. இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் இதற்கொரு சோதனை வந்தது. சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுடைய அதிர்ச்சி. எச்சரிக்கை உடனே விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் வெளியேறினர். நிலம் மேலெழாது பக்கவாட்டில் நழுவியதால் எழுந்த அலை சிறிது. கடல்மட்ட அளவீடுகளால் அது உறுதியானதும் எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஆபத்து உண்டு என்பதோடு, ஆபத்து இல்லை என்பதையும் சொல்லவல்லது நல்ல கருவி. பொய் எச்சரிக்கை பல முறை வந்தால் மெய்யான எச்சரிக்கையையும் மக்கள் நம்பார்.

ஆயினும், நிறுவியதோடு பணி முடிந்துவிடாது. உப்பு அரிக்கும்; பாசி படரும்; மின்கலம் தீரும்; மீன்பிடிப் படகு மோதும். 2018ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28ஆம் நாள் இந்தோனேசியாவின் பாலு நகரைச் சுனாமி தாக்கியபோது, அந்நாட்டின் மிதவைகள் 2012 முதல் செயலற்றுக் கிடந்தன. அங்கு அலை சில நிமிடங்களிலேயே கரையேறியதால், மிதவைகள் இயங்கியிருந்தாலும் பலரைக் காத்திருக்க இயலாது என்பதும் உண்மையே. கரைக்கு மிக அண்மையில் அதிர்ச்சி நிகழும்போது, நிலம் நடுங்கியதும் மேட்டுக்கு ஓடவேண்டும் என்னும் அறிவே முதற் கருவி. அதனை ஊட்ட வேண்டியவை வீடும் பள்ளியுமே.

மாணவச் செல்வங்களே, "ஏன் ஒருவரும் சொல்லவில்லை?" என்று கேட்டீர்கள். அளந்தவற்றை உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்க்கும் வழி இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை என்பதே அதற்கு விடை. அவ்வழியைப் பின்னர் மனிதர் அமைத்தனர். அதனைப் பேணுவோரும் மேலும் திருத்துவோரும் என்றும் வேண்டும். உங்களுள் சிலர் கருவியியல் கற்கலாம். சிலர் கணினிக்கு நிரல் எழுதலாம். எண்ணொன்று திரையில் தோன்றும்போது, அதன் மறுமுனையில் கரையிலே ஒரு குடும்பம் காலை உணவு உண்டுகொண்டிருக்கின்றது என்பதை மறவாதிருங்கள்.

அருஞ்சொற்கள்

உணரி – வெப்பம், அமுக்கம் முதலியவற்றை உணரும் உறுப்பு
மாற்றி – உணர்ந்ததை எண்ணாக்கும் உறுப்பு
துவித எண் – 0, 1 என்னும் இரு இலக்கங்களால் ஆன எண்
செய்மதி – பூமியைச் சுற்றிவரும் செயற்கைக் கோள்
அதிர்வெண் – ஒரு விநாடியில் நிகழும் அதிர்வுகளின் தொகை

பயிற்சி

1. பத்து நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கும் அலையை 15 விநாடிக்கு ஒருமுறை அளந்தால், ஒரு சுற்றில் எத்தனை அளவீடுகள் கிடைக்கும்?
2. 20 துவித இலக்கங்கள் உள்ள மாற்றி 6,000 மீற்றரை எத்தனை படிகளாகப் பிரிக்கும்? ஒரு படியின் அளவு யாது?
3. கடலடிக் கருவி அளந்த யாவற்றையும் உடனுக்குடன் அனுப்பாதது ஏன்?
4. 2004ஆம் ஆண்டு நிகழ்வை நேரிற் கண்ட அல்லது அறிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.