ஒரே பெயர், இரண்டு மலைகள்: கட்டற்ற உரிமப் படத்தொகுப்பிற்கான ஒளிப்பட நடையும் தமிழாய்வாளர் பணியும் (திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

பலர் ஒன்றுகூடி ஓரிடத்தில் நடந்து ஒளிப்படம் எடுத்து, அவற்றை எவரும் பயன்படுத்தத்தக்க உரிமத்தில் பொதுத் தொகுப்பிற்கு அளிப்பது ‘ஒளிப்பட நடை’ எனப்படுகிறது. இதனைப் படமெடுப்போர் பணியாகவே கருதும் வழக்கம் உண்டு. படத்தோடு சேர்ந்து எழுதப்படும் இடம், காலம், பொருள் பற்றிய குறிப்பே அப்படத்தை ஆய்வுச் சான்றாக்குகிறது என்பதும், ஆகவே இது தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க களப்பணி என்பதும் இக்கட்டுரையின் கருத்து. திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை இதற்குரிய எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்பட நடை, கட்டற்ற உரிமம், பொதுவகம், இடப்பெயர், படக்குறிப்பு, திருவண்ணாமலை.

முன்னுரை

இக்கட்டுரையாளரின் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டில் கோயில் மண்டபம் ஒன்றின் படம் இணையத்திலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டிருந்தது. வாய்மொழித் தேர்வின்போது, “இப்படம் திருப்பணிக்கு முன்னர் எடுத்ததா, பின்னர் எடுத்ததா?” என்னும் வினா எழுந்தது. எடுத்தவர் பெயரோ எடுத்த ஆண்டோ அப்படத்தில் இல்லை. தூணின் வண்ணப்பூச்சை அடிப்படையாகக் கொண்டு எழுதிய இரண்டு பக்கங்களை நீக்க நேர்ந்தது. தவறு முற்றிலும் இக்கட்டுரையாளருடையதே. ஆயினும் அப்படத்திற்கு மாற்றாக ஆண்டும் ஆக்குநரும் தெரிந்த வேறொரு படத்தைத் தேடியபோது அதுவும் கிடைக்கவில்லை. இந்த இரண்டாவது குறையே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

கல்வெட்டுப் பாடம் ஒன்றை மேற்கோளாகக் காட்டும்போது ஊர், அரசன், ஆட்சியாண்டு, தொகுதி எண் ஆகியவற்றைத் தவறாது தருகிறோம். நாட்டுப்புறப் பாடல் எனில் தகவலாளர் பெயரும் பதிவு நாளும் கேட்கிறோம். படத்திற்கு மட்டும் ‘இணையம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பின்புலம்

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கப்பெற்றது. விக்கித் திட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான படக் களஞ்சியமாகிய விக்கிமீடியா பொதுவகம் 2004 செப்டம்பரில் உருவானது. இன்று அதில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. மரபுச் சின்னங்களைப் படமெடுக்கும் ‘விக்கி லவ்ஸ் மானுமெண்ட்ஸ்’ போட்டி 2010இல் நெதர்லாந்தில் தோன்றி, 2012இல் இந்தியாவையும் உள்ளடக்கியது. அதற்குச் சற்று முன்னரே, 2011 நவம்பர் முதல் 2012 பிப்ரவரி வரை, தமிழ் விக்கி ஊடகப் போட்டி தமிழர் வாழ்வியல் தொடர்பான படங்களையும் ஒலி, காணொளிக் கோப்புகளையும் வேண்டி நடத்தப்பெற்றது. தமிழுக்கு இம்முயற்சி புதிதன்று. இம்முயற்சிகளை முன்னெடுத்தவர்கள் பெரிதும் தன்னார்வலர்கள். துறைசார்ந்த தமிழாய்வாளரின் பங்கு இன்னும் பெருக வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

ஒரே பெயர், இரண்டு மலைகள்

திருவண்ணாமலை என்றவுடன் நினைவிற்கு வருவது அருணாசலேசுவரர் கோயிலும் கார்த்திகைத் தீபமும் ஆகும். திருவில்லிபுத்தூர் மக்களிடம் அதே பெயரைச் சொன்னால், நகருக்கு வெளியே, மேற்குத் தொடர்ச்சி மலையின் திசையில் உள்ள சிறு குன்றையும் அதன்மேல் எழுந்தருளியுள்ள சீனிவாசப் பெருமாளையுமே எண்ணுவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இவ்வட்டார மக்கள் திரளாக ஏறும் மலை இது. முன்னது சைவத் தலம். பின்னது வைணவர் வழிபடும் குன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

‘திருவண்ணாமலை மலைக்கோயில்’ என்று மட்டும் பெயரிட்டு ஒரு படத்தைப் பொதுவகத்தில் ஏற்றினால் நிகழ்வது என்ன? படத்தை எடுத்தவருக்கு ஐயமே எழாது. அவர் ஊரில் ஒரு திருவண்ணாமலைதான் உண்டு. பகுப்புகளை ஒழுங்குசெய்யும் தன்னார்வலர், பெரும்பாலும் வேற்று மாநிலத்தவரோ வேற்று நாட்டவரோ, அதனை 1989இல் உருவான திருவண்ணாமலை மாவட்டத்தின் பகுப்பில் சேர்ப்பார். அங்கிருந்து ஒரு கட்டுரைக்கும், கட்டுரையிலிருந்து ஒரு நூலுக்கும் அது செல்லும். பெருமாள் கோயிற் படிக்கட்டு அருணாசல மலையின் படிக்கட்டாக அச்சேறக்கூடும். ஏட்டுச் சுவடியைப் படியெடுத்தோர் ஊர்ப்பெயரை மாற்றி எழுதியதால் பதிப்பாசிரியர் பட்ட பாட்டை நாம் அறிவோம். இது அதே பிழையின் புதிய வடிவம். பரவும் விரைவு மட்டும் பன்மடங்கு.

இதனைத் தடுக்க மூன்று செய்திகள் போதும். முதலாவது, ஆள்கூறு. வடக்கிலுள்ள திருவண்ணாமலை ஏறத்தாழ 12.2 பாகை வட அகலாங்கில் உள்ளது. திருவில்லிபுத்தூர் வட்டாரம் 9.5 பாகையை ஒட்டியது. கைப்பேசியின் இருப்பிட வசதியை இயக்கி எடுத்தால் இவ்வெண் படத்திலேயே பதிந்துவிடும். இரண்டாவது, ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றை முழுமையாக எழுதுதல்: ‘திருவண்ணாமலை, திருவில்லிபுத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்’. மூன்றாவது, இறைவன் பெயர். கள ஆய்வாளருக்கு இவை புதியன அல்ல.

பெயரின் எழுத்து வடிவமும் சிக்கலானதே. ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், சீவில்லிபுத்தூர் எனவும், ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம் எனவும் எழுதுகிறோம். இக்கட்டுரையில் ஒரு வடிவம் கையாளப்பட்டுள்ளது. படக்குறிப்பிலோ வழங்கும் வடிவங்கள் அனைத்தையும் தருவதே நன்று. கிரந்த எழுத்துப் பற்றிய நம் வழக்கை அங்கே தீர்க்க வேண்டியதில்லை; தேடுபவருக்குப் படம் கிடைக்க வேண்டும். ‘ஒளிப்படம்’ என்றே எழுதும் இக்கட்டுரையாளரும் தேடும்போது ‘புகைப்படம்’ என்று தட்டச்சிடுவதுண்டு.

உரிமம்

1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே உரியது. 2012 திருத்தத்திற்குப் பின் ஒளிப்படத்திற்கும் ஆக்குநரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் காப்பு உண்டு. எனவே ஒன்றும் எழுதாமல் வெளியிட்ட படம் பொதுச்சொத்தாகிவிடாது. ஆக்குநர் வெளிப்படையாக உரிமம் அளித்தல் வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் ‘ஆக்குநர் பெயர் சுட்டல் – அதே உரிமத்தில் பகிர்தல்’ என்பது பொதுவகத்தில் மிகுதியாக வழங்குகிறது. உரிமை எடுத்தவரிடமே இருக்கும். பிறர் பெயர் சுட்டிப் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கும் நூலிலும் சேர்க்கலாம்.

இந்த இறுதிக் கூற்றில்தான் மாணவர் தயங்குவர். ‘வணிக நோக்கமற்ற பயன்பாட்டிற்கு மட்டும்’ என்னும் உரிமம் நேர்மையானதாகத் தோன்றும். ஆனால் பொதுவகம் அதனை ஏற்பதில்லை. நம் ஆய்வு நூல்களை வெளியிடுவோரும் விலை வைத்து விற்கும் பதிப்பகத்தாரே என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஒருமுறை அளித்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது என்பதை நடைக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தயங்குவோர் குறிப்பெழுதும் பணியில் பங்குகொள்ளலாம்.

எதைப் படமெடுத்தாலும் கட்டற்றதாகாது. சட்டத்தின் 52(1)(s), (t) உட்பிரிவுகள் கட்டடத்தையும், பொது இடத்தில் நிலையாக அமைந்த சிற்பத்தையும் படமெடுக்க இடந்தருகின்றன. அண்மையில் வரைந்த சுவரோவியத்திற்கும் அச்சிட்ட பதாகைக்கும் அவ்விலக்குப் பொருந்தாது. நாயக்கர் கால ஓவியமெனில் காப்புக் காலம் என்னும் பேச்சே இல்லை. இவ்வட்டாரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். இராசபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது. அந்நாயை நேரில் எடுத்த படத்தைப் பொதுவகத்திற்கு அளிக்கலாம். அஞ்சல்தலையைப் படமெடுத்தவர் அதன் வடிவமைப்பிற்குத் தாமே உரிமம் அளிக்க இயலாது.

நடையின் அமைப்பு

வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தமிழ்நாடு அரசு முத்திரையோடு இணைத்துப் பேசப்படுவது. அதற்குப் படப் பஞ்சமில்லை. நடையின் நோக்கம் இல்லாதவற்றைத் தேடுவதாதல் வேண்டும். ஆகவே, முன்கூட்டியே பொதுவகத்தைத் தேடி, எவற்றிற்குப் படமில்லை, எவற்றிற்கு நாளும் குறிப்பும் இல்லாத படமே உள்ளது எனப் பட்டியலிடுதல் முதற்பணி. திருவண்ணாமலைக் குன்றின் படிவழி, திருவில்லிபுத்தூர்த் தெருக்களின் பழைய வீட்டு முகப்புகள், பால்கோவா அடுப்படி, இராசபாளையத்தில் முன்னாள் முதல்வர் பூ. ச. குமாரசுவாமி ராஜா பொதுப்பணிக்கு வழங்கிய இல்லமாகிய காந்தி கலை மன்றம், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகள் எனப் பட்டியல் நீளும். ஒரே நாளில் இவை அனைத்தும் இயலா. காலையில் குன்றும் நகரும், வேறொரு நாளில் இராசபாளையமும் சத்திரப்பட்டியும் எனப் பிரிப்பது நலம்.

குன்றிற்குக் காலைப்பொழுதே ஏற்றது. மலைத்தொடர் மேற்கே நிற்பதால் மாலை வெயில் இங்கே விரைவில் மறையும்; கிழக்கிலிருந்து நோக்கும்போது குன்றின் மீது ஒளி விழுவது காலையில்தான். கல்வெட்டிருப்பின் சாய்வொளி விழும் நேரத்தில், அருகே அளவுகோல் வைத்து எடுத்தல் வேண்டும். எழுத்துத் தெளிவுக்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பது கூடாது. கட்டடத்திற்கெனச் செல்லும் நாள் புரட்டாசிச் சனியாக இருத்தலாகாது. வழிபாட்டைப் பதிவுசெய்வதெனில் அந்நாளே வேண்டும்.

கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு செல்வதைத் தடைசெய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்து சமய அறநிலையத் துறைக்கு ஆணையிட்டது. எனவே, வெளிப்புறத்தோடு நிறைவடைவது அல்லது துறையின் வழியாக எழுத்துமூலம் இசைவு பெறுவது என்னும் இரண்டே வழிகள் உள்ளன. நேர்த்திக்கடன் செலுத்துவோர், நீராடுவோர், குழந்தைகள் ஆகியோரைக் கேளாமல் எடுப்பது உரிமச் சிக்கல் அன்று. அது நாகரிகம் பற்றியது. தறி, அடுப்படி போன்ற இடங்களில் உழைப்பவரின் இசைவு முதலில், படம் பிறகு.

குழுவை மூவர் மூவராகப் பிரிப்பதே இக்கட்டுரையாளர் முன்வைக்கும் முறை. ஒருவர் படமெடுப்பார், ஒருவர் குறிப்பேட்டில் வரிசை எண், நேரம், இடம், பொருள் எழுதுவார், மூன்றாமவர் அங்குள்ளோரிடம் பேசுவார். மூன்றாமவர் பணியே தமிழ்த்துறைக்கு உரியது. தறியின் ஒவ்வோர் உறுப்பையும், பால் கிண்டும் கரண்டியையும், படிவழியின் ஒவ்வொரு மண்டபத்தையும் அங்குள்ளோர் எப்பெயரால் அழைக்கின்றனரோ அப்பெயரையே எழுதுதல் வேண்டும். அகராதியில் இல்லாத சொல்லாயின் மேலும் நன்று. சொல்லும் பொருளும் ஒரே பக்கத்தில் அமைந்த வட்டாரச் சொற்களஞ்சியம் ஒன்று இவ்வாறு தானே உருவாகும். பொருளைக் காணாது சொல்லுக்குப் பொருள் எழுதிய இடர் அதில் இராது.

சிறியனவாகத் தோன்றும் சில செய்திகளில்தான் பெரும்பாலும் பணி கெடுகிறது. படக்கருவியின் கடிகாரம் சரியாக உள்ளதா எனத் தொடங்கும்முன் பார்த்தல் வேண்டும். மின்கலம் தீர்ந்து மீண்ட கருவி பழைய ஆண்டொன்றையே பதிந்துகொண்டிருக்கும். படங்களை வாட்ஸ்அப் குழுவில் திரட்டுதல் கூடாது. அங்கே படம் சுருங்குவதோடு நாளும் ஆள்கூறும் நீங்கிவிடும். மூலக்கோப்பே வேண்டும். எடுத்தவரே தம் கணக்கிலிருந்து ஏற்ற வேண்டும். ஒருவர் அனைவர் படங்களையும் ஏற்றினால் ஒவ்வொருவரிடமும் எழுத்துமூல இசைவு பெற்றுக் காட்ட நேரும். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரே நாளில் பல கணக்குகள் தொடங்குவதற்கு வரம்பிருப்பதால், அவரவர் வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கி வருவது நல்லது.

பதிவேற்றமும் குறிப்பும்

நடைக்கு அரைநாள் எனில் குறிப்பெழுத ஒரு முழுநாள் ஒதுக்குதல் வேண்டும். பொதுவகத்தில் ஒரே படத்திற்குப் பல மொழிகளில் விளக்கம் எழுதலாம். தமிழ் விளக்கம் ஆங்கிலத்தின் பெயர்ப்பாக இராமல், தமிழாய்வாளருக்குத் தேவையானதைச் சொல்வதாக அமைதல் வேண்டும். ‘தூண் சிற்பம்’ என்பது குறிப்பன்று. எந்த மண்டபம், எத்திசை வரிசை, நுழைவிலிருந்து எத்தனையாவது தூண், சிற்பத்தின் கையில் உள்ளது யாது, வண்ணம் பூசப்பட்டுள்ளதா என்பனவே குறிப்பு. அடுத்த திருப்பணிக்குப் பின் அதே தூணின் முன் நிற்கும் ஆய்வாளருக்கு ஒப்பிட இவைதான் உதவும்.

குறிப்பேட்டில் விடுபட்ட இடங்களை நினைவைக் கொண்டு நிரப்புதல் கூடாது. எத்தூண் என்று உறுதிப்படாத படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, பதிவேற்றாமல், அச்சிட்டுக்கொண்டு அடுத்த வாரம் இருவர் மட்டும் மீண்டும் அவ்விடம் சென்று ஒவ்வொன்றையும் நேரில் ஒத்துப் பார்த்தபின் ஏற்றுதல் வேண்டும்.