சாமி காரியத்தில் எதைச் சொல்லலாம், எதைக் காக்கலாம்
தோட்டத்துக் கோயிலில் வேலை பழக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

தம்பிகளே, தங்கைகளே,

உருமி அடிக்க வந்தவர்கள், கரகம் தூக்க வந்தவர்கள், அலகு குத்தப் பழக வந்தவர்கள் என்று பலரும் இருக்கிறீர்கள். எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இதையெல்லாம் ஏன் பொத்திப் பொத்தி வைக்கிறீர்கள்? கைப்பேசியைத் தட்டினால் எல்லா மந்திரமும் வருகிறதே." கேட்க வேண்டிய கேள்விதான். லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் பழகிய அளவில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

1. உடம்பைக் காப்பாற்றும் செய்தி எதையும் மறைக்காதீர்கள். ஒருவருக்குக் குத்திய அலகு வேல் இன்னொருவர் கன்னத்தில் ஏறக்கூடாது. இரத்தத்தின் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிக்குப் பக்தன் யார், பக்தன் அல்லாதவன் யார் என்று தெரியாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரை, அவர் எவ்வளவு கெஞ்சினாலும், மருத்துவரைக் கேட்காமல் அலகுக்கு உட்கார வைக்காதீர்கள். நீரிழிவால் பாதம் மரத்துப் போனவருக்குப் பூக்குழியில் கால் வெந்தாலும் தெரியாது. வீட்டுக்குப் போய், மறுநாள் தோல் உரியும்போதுதான் தெரியும். இப்படிப்பட்டவர்கள் பால்குடம் எடுக்கலாம். அம்மன் குறைவாக நினைக்கமாட்டாள்.

சுட்டுவிட்டது என்று ஒருவர் வந்து சொன்னால், "உன் விரதத்தில் குறை" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம் கோயில்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். குழியின் நீளம் அதிகமா, தணலைச் சரியாகத் தட்டிப் பரப்பினார்களா, கூட்டம் பின்னாலிருந்து தள்ளியதா என்று முதலில் பாருங்கள். பழியைப் பக்தன் தலையில் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டும் அதே குழியில் இன்னொருவர் விழுவார்.

2. சாமி அழைக்கக் கற்குமுன் வந்த சாமியை மலையேற்றி அனுப்பக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய பூசாரிகள் இந்த வரிசையில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது பல இளைஞர்களுக்கு அடியின் வேகத்தைக் கூட்டத் தெரிகிறது, இறக்கத் தெரியவில்லை. ஒலிபெருக்கி வைத்து உருமியை அடித்துத் தள்ளுகிறார்கள். பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் அருள் வருகிறது. பிடிக்க இரண்டு பேர்தான் நிற்கிறார்கள்.

தெரிந்தவர் எப்படிச் செய்வார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஆடுகிறவரின் கையைப் பார்க்கமாட்டார், கண்ணைப் பார்ப்பார். பின்னாலிருந்து இடுப்பில் துண்டைக் கொடுத்துப் பிடிப்பார். மேளக்காரருக்கு ஒரு விரலைக் காட்டுவார், அடி படிப்படியாக இறங்கும். விபூதி பூசி, முகத்தில் தண்ணீர் தெளித்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாமி பெயரை அல்ல, ஆளின் வீட்டுப் பெயரை. அந்தப் பெயருக்கு ஆள் திரும்பிப் பார்த்தால் சாமி மலையேறிவிட்டது என்று அர்த்தம்.

திரும்பவில்லை, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது என்றால் அது வலிப்பாக இருக்கலாம். சாட்டையைக் கீழே போடுங்கள். வாயில் எலுமிச்சையோ கற்பூரமோ திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐக் கூப்பிடுங்கள். இதில் இரகசியம் ஏதும் இல்லை. கோயில் தூணிலேயே எழுதி ஒட்டலாம்.

3. "ராமானுஜரே கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாரே" என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். குருபரம்பரைக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் அவர் 18 முறை நடந்த பிறகுதான் எட்டெழுத்து மந்திரத்தின் பொருள் கிடைத்தது. யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்பது கட்டளை. நரகம் எனக்கு வரட்டும், கேட்டவர்கள் கரையேறட்டும் என்றுதான் அவர் கோபுரம் ஏறினார்.

அவர் திறந்துவிட்டது அடைக்கலம். அதைக் கேட்ட எவருடைய உடம்புக்கும் கேடு வரவில்லை. வந்தால் தனக்கே வரட்டும் என்று தாம் ஏற்றுக்கொண்டார். இன்று காளி உபாசனை, மயான பூசை என்று முகம் காட்டாமல் படம் பிடித்துப் போடுகிறவர் எந்தப் பொறுப்பை ஏற்கிறார்? அதைப் பார்த்து நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து தூக்கம் கெட்டுப்போன பிள்ளையின் வீட்டுக்கு அவர் வருவாரா? சொல்லிக்கொடுத்தவர் கூடவே இருக்க வேண்டும். இருக்க முடியாதவர் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மந்திரம் உருவேற்றப் போய் உறக்கமில்லாமல் காதில் குரல் கேட்கிறது என்று யாராவது வந்தால், உருவை நிறுத்தச் சொல்லி மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துப் போங்கள்.

4. ஊமத்தையும் பாதரசமும். இவற்றை என்ன அளவில், எப்படிச் சேர்ப்பது என்பதை யாருக்கும் சொல்லாதீர்கள். இவை என்ன செய்யும் என்பதை எல்லாருக்கும் சொல்லுங்கள்.

வசிய மருந்து என்று சோற்றில் கலந்து கொடுக்கிறவற்றில் ஊமத்தை விதையும் உண்டு. தின்றவருக்கு வாய் வறளும், கண்மணி விரியும், உடம்பு கொதிக்கும், இல்லாத ஆளோடு பேசுவார். பார்க்கிறவர்கள் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிப்பார்கள். அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உயிர் போகலாம். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பிழைக்க வைக்க வழி இருக்கிறது. அதுபோல ரசமணி கட்டுகிறேன் என்று வீட்டு அடுப்பில் பாதரசத்தைச் சூடாக்கினால் அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது. மூச்சில் போய் நுரையீரலையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சித்தர்கள் தாளகம், வீரம், ரசம் எல்லாவற்றையும் மறைபொருளில் பாடி வைத்தார்கள். சுத்தி செய்யத் தெரியாதவன் கையில் அவை வெறும் நஞ்சு.

5. "இதை யாரிடமும் சொல்லாதே, பணத்தோடு தனியாக வா" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 1993-இல் பகாங்கில், பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ் அரசியலில் உயர வேண்டும் என்று மோனா ஃபாண்டி என்ற போமோவிடம் (மலாய் மந்திரவாதியிடம்) போனார். கண்ணை மூடிப் படு, வானத்திலிருந்து பணம் விழும் என்றார்கள். படுத்தவரை வெட்டிக் கொன்றார்கள். மோனாவும் கணவரும் உதவியாளரும் 2001 நவம்பர் 2-ஆம் தேதி காஜாங் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அத்தனை செல்வாக்குள்ள மனிதர், பூசையைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரிடமாவது முன்கூட்டி வாய்விட்டுக் கேட்டிருந்தால் தப்பியிருக்கலாம். குருவின் இரகசியம் சீடனைக் காக்க இருப்பது. அது குருவின் வருமானத்தைக் காக்கிறது என்று தெரிந்தால் அவரை விட்டு விலகுங்கள்.

6. ஏவல், பில்லி, சூனியம்: கற்காதீர்கள், கற்பிக்காதீர்கள். பலிக்குமா என்ற வாதத்துக்கே நான் வரவில்லை. லயத்து வீடுகளில் அடுத்தடுத்த குடும்பங்களுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தான். வாசலில் கிடந்த ஓர் எலுமிச்சம்பழம் அண்ணன் தம்பியைப் பேசாமல் ஆக்கியது, பெண் கொடுத்த சம்பந்தத்தை முறித்தது. யார் வைத்தார்கள் என்ற சந்தேகம் பேரப்பிள்ளைகள் வரை போனது. எனக்குத் தெரிந்த கொஞ்சமும் என்னோடு போகட்டும்.

7. தாலாட்டு, வர்ணிப்பு, கதை, படையல் முறை ஆகியவற்றை அள்ளிக் கொடுங்கள். இவை யாரையும் கெடுக்காது. இவற்றையும் சேர்த்துப் பூட்டி வைத்ததுதான் நம் சனம் செய்த பெரிய தவறு.

கங்காணி காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் ஊர்க் கோயில் பிடிமண்ணையும் பாட்டையும் கொண்டுவந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை இங்கே அனுப்புவதை நிறுத்தியது. அதன்பின் ஊரிலிருந்து புதுப் பூசாரி வருவதும் அருகிப்போனது. இருப்பதைக் காத்தால்தான் உண்டு என்ற நிலையில், ஒரு மகனுக்கு மட்டும் சொல்லுவேன் என்று பலர் இருந்தார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் 2, செண்டாயான் பக்கம் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மகன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனான். பூசாரி கண்ணை மூடினார். மதுரை வீரன் கதையை இரவு முழுக்கப் பாடிய கோயில்களில் இன்று ஒலிப்பதிவைப் போடுகிறார்கள். முனியாண்டிக்குச் சுருட்டும் படையலும் எந்த வரிசையில் வைப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் பழைய தோட்டத்துப் பூசாரி எந்த மலிவுவிலை வீட்டில் குடியிருக்கிறார் என்று விசாரியுங்கள். வரும் ஆடி மாதத்துக்குள் வெற்றிலை பாக்கோடு போய் உட்காருங்கள். மந்திரம் கேட்காதீர்கள். பாட்டைக் கேளுங்கள், கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், அடுத்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள்.