வாடகைக்கு விட ஒரு ஃபிளாட்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

சென்னையில் முதலீட்டுக்கென்று முதல் ஃபிளாட் வாங்குகிறவர் பால்கனியில் காற்று வருகிறதா என்று பார்க்கிறார், பூஜை அறை எந்தத் திசை என்று பார்க்கிறார். அங்கே குடியிருக்கப் போவது அவரல்ல. அவர் பார்க்க வேண்டியது முதலில் கணக்கு, அடுத்து தெரு, அதற்கும் அடுத்து பத்திரம். வீட்டைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

கணக்கு

புறநகரில் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 5.40 லட்சம். (பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு, விலையைப் பொறுத்து, தீர்வையில் சலுகை உண்டு.) இந்த அளவு கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தராது, 48 லட்சம். பத்திரச் செலவுக்குக் கடன் கிடையாது. புரோக்கர், வக்கீல், பெயின்ட் எல்லாம் சேர்த்தால் கையிலிருந்து 18 லட்சத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்.

வாடகை மாதம் 17,000 என்றால் வருடத்துக்கு 2.04 லட்சம். ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள், கிடக்கும். சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், குளியலறைக் கசிவு எல்லாம் போக 1.60 லட்சம் நின்றால் நல்லது. மொத்தம் போட்ட 66 லட்சத்துக்கு இது இரண்டரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மறுபக்கம், 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 41,600. செலவு கழித்து நிற்கும் வாடகை போக மாதம் 28,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். ‘வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிடும் சார்’ என்று சொல்லும் புரோக்கரிடம் இந்தக் கணக்கை நீட்டிப் பாருங்கள்.

அந்த 28,000ஐ ஐந்தாறு வருடம் திணறாமல் கட்ட முடியாதவர் வாங்க வேண்டாம் என்பேன். நில விலை ஏறுவதுதான் இங்கே உண்மையான லாபம். அது எப்போது ஏறும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

தெரு

வாடகைக்கு வருகிறவர் வேலை செய்யும் இடம் எது? சிறுசேரியா, கிண்டியா, அம்பத்தூர் எஸ்டேட்டா, ஒரகடமா? அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ நீங்களே ஒரு வேலைநாள் மாலையில் வந்து பாருங்கள். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது? 2019 கோடையில் தண்ணீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது? முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இந்தக் கேள்விகள் இல்லாமல் வீடே பார்க்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் ‘டு லெட்’ பலகை வரிசையாகத் தொங்கினால், புரோக்கர் சொல்லும் வாடகையில் பாதி கற்பனை.

பத்திரம்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். அதில் தெரிவது பதிவான பரிவர்த்தனை மட்டுமே. பதிவாகாத உயில், கையெழுத்துப் போடாத அக்காவின் பங்கு, நீதிமன்றத்தில் தூங்கும் வழக்கு எதுவும் அதில் வராமல் போகலாம். அதனால் மூலப் பத்திரங்களை வரிசையாக உங்கள் வக்கீல் படிக்க வேண்டும். விற்பவரின் வக்கீல் அல்ல, வங்கி வக்கீல் மட்டும் போதாது. ஜெராக்ஸை மட்டும் காட்டி ‘ஒரிஜினல் ஊரில் இருக்கிறது’ என்றால், எங்கேயோ அடகில் இருக்கிறது என்றே நினையுங்கள். பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். அவர் இறந்திருந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் போய்விடும்.

ஃபிளாட்டில் உங்களுக்கு எழுதித் தரப்படும் பிரிபடாத நிலப் பங்கு, அதாவது யூ.டி.எஸ்., எவ்வளவு சதுர அடி என்று கேளுங்கள். கட்டடம் பழசாகும், மதிப்பு ஏறுவது அந்த நிலத்துக்குத்தான். சிஎம்டிஏ அல்லது டிடிசிபி ஒப்புதல் வரைபடத்தில் மூன்று மாடி, நேரில் நான்கு மாடி என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் 8க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான தமிழ்நாடு ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்பதும் ரெரா சட்டம்தான்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குகிறவருடையது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கணக்கே வேறு, ஆடிட்டரிடம் போங்கள்.

வரி

வாடகையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பில் இல்லாமலே கழியும். கடன் வட்டியும் கழியும். ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர், வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. மேலே சொன்ன கணக்கில் முதல் வருட வட்டியே 4 லட்சம். வரி மிச்சம் ஆகும் என்று நம்பி வாங்குகிறவர் இதைப் பார்ப்பதில்லை.

குடித்தனக்காரர்

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண்ணும் பெற வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய சென்னை வழக்கத்தை ஒப்பந்தத்தில் நுழைக்கலாம்தான். நல்ல குடித்தனக்காரர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். தகராறு வந்தால் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தச் சட்டப்படி உரிமை இல்லை.

சாவி கொடுக்கும் அன்று சுவர், குழாய், ஃபேன் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து போட்டோ எடுத்து, மின் மீட்டர் ரீடிங்கை ஒப்பந்தத்தின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸ் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். அதை இ.எம்.ஐ. கட்டப் பயன்படுத்தியவர்கள்தான், குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில் பெயின்டிங் செலவு என்று சண்டை போடுகிறார்கள்.